சோப்பு, அழகுப் பொருட்களுக்கு லேபிள் எழுதும் முறை: கடலூர், புதுச்சேரி சிறு தயாரிப்பாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கடலூரிலும் புதுச்சேரியிலும் சிறிய கூடங்களில் சோப்பு தயாரிக்கும் பலருக்கு லேபிள் எழுத உதவியிருக்கிறேன். அநேகமாக எல்லோரும் முதலில் அச்சகத்துக்குப் போய் வடிவமைப்பை முடித்துவிட்டு, மீதமிருக்கும் இடத்தில் விவரங்களை எப்படித் திணிப்பது என்று கேட்கத்தான் வருகிறார்கள். அப்போது எழுத்துகள் படிக்க முடியாத அளவுக்குச் சிறுத்துப்போகும். சில விவரங்கள் விடுபடும். சில விவரங்கள் ஊகமாக எழுதப்படும். ஆகவே இங்கே வடிவமைப்பு கடைசிக்கு முந்தைய படியாக வருகிறது. அதற்கு முன்பு உள்ள ஒவ்வொரு படியும், லேபிளில் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் உங்கள் கையில் ஓர் ஆதாரத் தாள் இருப்பதற்கான ஏற்பாடு.

1. பொருள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உடலைத் தூய்மைப்படுத்தவோ அழகுபடுத்தவோ தோற்றத்தை மாற்றவோ மேலே தேய்க்க, ஊற்ற, தூவ, தெளிக்க உதவும் பொருளை 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப் பொருட்கள் சட்டம் அழகுப் பொருள் என்கிறது. குளியல் சோப்பு, ஷாம்பு, குளியல் பொடி, நலங்கு மாவு, கூந்தல் எண்ணெய், உதட்டுத் தைலம் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். இவற்றுக்கான லேபிள் விதிகள் 2020-ஆம் ஆண்டின் அழகுப் பொருட்கள் விதிகளில் உள்ளன. பொட்டலமாக விற்பதால் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், அதன் கீழ் வந்த 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் கூடவே பொருந்தும். ஒரு லேபிள் இந்த இரண்டு விதித் தொகுப்புகளையும் நிறைவு செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுதுவதால்தான் பாதி விவரங்கள் விடுபடுகின்றன.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரும் பிழை, இணையத்தில் படித்த அமெரிக்க வழிகாட்டுதலை அப்படியே பின்பற்றுவதாகும். எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவான சாதாரண சோப்பு, அமெரிக்காவில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அழகுப் பொருள் விதிகளிலிருந்து விலகி நிற்கிறது. இந்தியாவில் அப்படி ஒரு விலக்கு இல்லை. கையால் செய்த சோப்பும் அழகுப் பொருளே.

எதிர்த்திசையிலும் ஓர் எல்லை உண்டு. 'படை, சொறி குணமாகும்' என்று எழுதிய அக்கணமே அந்தச் சோப்பு நோயைத் தீர்ப்பதாகச் சொல்லப்படும் மருந்தாகிவிடும். வேப்பிலையோ குப்பைமேனியோ சேர்ப்பதால் மட்டும் அது மருந்தாவதில்லை. நீங்கள் எழுதும் சொல்லே அதை வேறு வகைக்குத் தள்ளுகிறது. சித்த மருந்தாக விற்க விரும்பினால் அதற்குரிய உரிமம் தனி. அழகுப் பொருள் உரிமத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது.

2. உரிமம் எந்த அரசிடமிருந்து என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

லேபிளில் உரிம எண் வர வேண்டும் என்பதால் உரிமம் லேபிளுக்கு முந்தியது. விற்பனைக்காக அழகுப் பொருள் தயாரிப்பவர் மாநில உரிம அதிகாரியிடம் காஸ்-5 படிவத்தில் விண்ணப்பித்து, காஸ்-8 படிவத்தில் உரிமம் பெறுகிறார். சொந்தக் கூடம் இல்லாமல், உரிமம் பெற்ற வேறொருவர் கூடத்தில் தம் பொருளைத் தயாரிப்பவருக்குக் காஸ்-6 விண்ணப்பமும் காஸ்-9 உரிமமும் பொருந்தும். தயாரிப்பை மேற்பார்வையிட, வேதியியல் படித்தவரோ மருந்தியல் பட்டயம் பெற்றவரோ முழுநேரமாகப் பணியில் இருக்க வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

நம் பகுதியில் இந்தப் படி மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ தயாரித்தால் தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்திடம் உரிமம் பெற வேண்டும். கன்னியக்கோயிலைத் தாண்டி பாகூர்ப் பக்கம் தயாரித்தால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் பெற வேண்டும். எந்த இடத்தில் விற்கிறீர்கள் என்பது இதைத் தீர்மானிப்பதில்லை. தயாரிக்கும் கட்டடம் எங்கே நிற்கிறது என்பதே தீர்மானிக்கிறது. ஆரோவில் என்று முகவரி எழுதுபவர்களும் கவனிக்க வேண்டும்: அதன் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டில் உள்ளது. அஞ்சல் குறியீடு 605-இல் தொடங்குவதால் அது புதுச்சேரி நிர்வாகத்தைச் சேர்ந்தது என்று எண்ணி விண்ணப்பித்துத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

லேபிளில், பொருள் உண்மையில் தயாரான கட்டடத்தின் முழு முகவரி வர வேண்டும். கடலூரில் சோப்பு செய்யும் ஒரு குழு, கடற்கரைச் சாலைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளை மனத்தில் கொண்டு, புதுச்சேரியில் உள்ள உறவினர் வீட்டு முகவரியை உறையில் அச்சிட்டிருந்தது. 5,000 உறைகளையும் கழித்துவிட வேண்டியதாயிற்று. புதுச்சேரிப் பெயருக்கு விற்பனை மதிப்பு இருப்பது உண்மைதான்; ஆனால் தயாரிப்பு முகவரி என்பது புகார் வந்தால் ஆய்வாளர் வந்து நிற்க வேண்டிய இடம். விற்பனை அலுவலகம் புதுச்சேரியில் இருந்தால் அதைச் 'சந்தைப்படுத்துபவர்' என்று தனியாக எழுதலாம். பிறர் செய்த சோப்பை வாங்கி உங்கள் பெயரில் விற்றாலும் முறை இதுவே: தயாரித்தவர் பெயரும் முகவரியும் அவருடைய உரிம எண்ணும் இருக்க வேண்டும், உங்கள் பெயர் சந்தைப்படுத்துபவராக வரும்.

பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, பொட்டலமிடுபவராக நீங்கள் தனியே பதிவும் செய்துகொள்ள வேண்டும். பொட்டலமிடத் தொடங்கிய 90 நாட்களுக்குள் இதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கடலூர்க்காரர்களுக்கு இது தொழிலாளர் துறையின் பொறுப்பில் உள்ளது. புதுச்சேரியில் எடையளவுத் துறையின் பொறுப்பில் உள்ளது. அழகுப் பொருள் உரிமம் வாங்கியதோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணி இதை மறப்பவர்களே அதிகம்.

3. எழுத உட்காரும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

உரிமத்தின் நகல், தயாரிப்புக் கூடத்தின் முகவரிச் சான்று, ஒரு முழுத் தொகுதிக்கான, அதாவது ஒரே தடவையில் கலந்து செய்த சோப்பு முழுவதற்குமான எடைத்தாள், வாங்கிய ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் விற்பனையாளர் தந்த சேர்மான விவரத்தாள், முதிர்ந்த சோப்புக் கட்டிகளை எடைபோட்ட குறிப்பு, ஆய்வகச் சோதனை அறிக்கை ஆகியவை வேண்டும். எடைத்தாள் என்று நான் சொல்வது 'இரண்டு கரண்டி', 'ஒரு கைப்பிடி' என்று எழுதிய சமையல் குறிப்பை அல்ல. ஒவ்வொரு பொருளும் கிராமில், சேர்க்கும் நேரத்தில் தராசில் நின்ற எடையாக இருக்க வேண்டும். இந்தத் தாள் இல்லாமல் அடுத்த படியைத் தொடங்கவே முடியாது.

4. சேர்மானப் பட்டியலை எடைத்தாளிலிருந்து வரிசைப்படுத்துங்கள்

இதுவே லேபிளின் மிகக் கடினமான பகுதி; பெரும்பாலான பிழைகளும் இங்கேதான் நிகழ்கின்றன. விதி சொல்வது இது: 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை, சேர்க்கும் நேரத்து எடையின் இறங்குவரிசையில் எழுத வேண்டும்; 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதன் பின்னர் எந்த வரிசையிலும் எழுதலாம்; பட்டியலுக்கு முன்னால் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற சொல் வர வேண்டும். 30 கிராமுக்குக் குறைந்த திடப் பொருளுக்கும், 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் இந்தப் பட்டியல் கட்டாயமில்லை. விடுதிகளுக்குக் கொடுக்கும் 20 கிராம் சோப்புக்கு இதனால் இடம் மிச்சமாகும். என்றாலும் தோலுக்கு ஒவ்வாதவற்றைத் தேடிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், இடமிருந்தால் அதிலும் எழுதுங்கள் என்றே சொல்வேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் படிப்படியாகச் செய்து பார்க்கலாம். வெட்டிவேர் சோப்பு ஒன்றின் எடைத்தாள் இப்படி இருப்பதாகக் கொள்வோம்: தேங்காய் எண்ணெய் 600 கிராம், நல்லெண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 100 கிராம், தண்ணீர் 310 கிராம், காஸ்டிக் சோடா எனப்படும் சோடியம் ஹைட்ராக்சைடு 155 கிராம், வாசனை எண்ணெய் 25 கிராம், வெட்டிவேர்ப் பொடி 6 கிராம், ஆவாரம்பூப் பொடி 4 கிராம். மொத்தம் 1,500 கிராம். ஆகவே 1 சதவீதம் என்பது 15 கிராம்.

இப்போது 15 கிராமுக்கு மேல் உள்ளவற்றை வரிசைப்படுத்துங்கள். தேங்காய் எண்ணெய் முதலிடம், தண்ணீர் இரண்டாம் இடம், நல்லெண்ணெய் மூன்றாம் இடம், பிறகு சோடியம் ஹைட்ராக்சைடு, விளக்கெண்ணெய், வாசனை எண்ணெய். வெட்டிவேரும் ஆவாரம்பூவும் 15 கிராமுக்குக் கீழ் உள்ளதால் கடைசியில் வருகின்றன. சோப்பின் பெயரே வெட்டிவேர் என்பதால் அதை முதலில் எழுதுவதுதான் நான் அடிக்கடி காணும் பிழை. எண்ணெய்களை எல்லாம் ஒன்றாக முன்னால் எழுதிவிட்டுத் தண்ணீரைக் கடைசியில் ஒளித்து வைப்பது அடுத்த பிழை. தண்ணீர் உலர்ந்துவிடுகிறதே என்று கேட்பார்கள். விதி சேர்க்கும் நேரத்து எடையைத்தான் கேட்கிறது, உலர்ந்த பின் மிஞ்சும் எடையை அல்ல.

காஸ்டிக் சோடாவின் பெயரை விட்டுவிடலாமா என்று கேட்காதவர்கள் குறைவு. வாடிக்கையாளர் பயந்துவிடுவார் என்ற கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் காரமில்லாமல் சோப்பு இல்லை. அதை மறைத்த பட்டியல் பொய்ப் பட்டியல். சிலர் எண்ணெயையும் காரத்தையும் தனித்தனியே எழுதாமல், வினைக்குப் பின் உருவாகும் பெயரான 'சோடியம் கோகோயேட்' போன்றவற்றை எழுதுகிறார்கள். சேர்க்கும் நேரத்தின் எடை என்று விதி சொல்லும் காரணத்தால், சேர்த்ததைச் சேர்த்தபடியே எழுதும் முறையை நான் பரிந்துரைக்கிறேன். அது எடைத்தாளோடு வரிக்கு வரி ஒத்துப்போகும். ஒரே பட்டியலில் ஒரு எண்ணெய்க்கு ஒரு முறையையும் இன்னொன்றுக்கு மற்றொரு முறையையும் கலந்து எழுதுவதை மட்டும் செய்யவே கூடாது.

உருக்கி ஊற்றும் சோப் பேஸ் வாங்கிப் பயன்படுத்துபவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'சோப் பேஸ், கற்றாழை, வாசனை' என்று மூன்று சொற்களில் முடித்த லேபிள்கள் நம் கடைகளில் ஏராளம். சோப் பேஸ் என்பது ஒரு பொருள் அல்ல. அதற்குள் கிளிசரின், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைக்கால், சோடியம் ஸ்டியரேட் போன்றவை தயாரிப்பாளருக்கு ஏற்ப வெவ்வேறு அளவில் இருக்கும். விற்பனையாளரிடம் சேர்மான விவரத்தாளைச் சதவீதத்தோடு கேட்டு வாங்கி, உங்கள் தொகுதியில் பேஸ் எத்தனை கிராமோ அதனால் பெருக்கி, ஒவ்வொன்றையும் தனி வரியாக்கி, உங்கள் சேர்க்கைகளோடு மீண்டும் வரிசைப்படுத்துங்கள். விவரத்தாள் தர மறுக்கும் கடையில் பேஸ் வாங்காதீர்கள். கடையில் வாங்கிய கற்றாழை ஜெல்லுக்கும் இதே விதிதான்: அதில் உள்ள பதப்படுத்தியும் கெட்டிப்படுத்தியும் உங்கள் சோப்புக்குள் வந்துவிடுகின்றன.

பெயர்களைப் பொறுத்தவரை, ஐ.என்.சி.ஐ. எனப்படும் பன்னாட்டுப் பெயரிடல் முறையைப் பின்பற்றுவது நல்லது. தேங்காய் எண்ணெய் 'கோகோஸ் நியூசிஃபெரா ஆயில்' என்றும், விளக்கெண்ணெய் 'ரிசினஸ் கம்யூனிஸ் சீட் ஆயில்' என்றும் எழுதப்படும். எங்கே படித்தாலும் அதே பொருள் என்று புரிவதே இதன் பயன். பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் எழுதினால் நம் ஊர்ப் பாட்டியும் படித்துப் புரிந்துகொள்வார். இடம் அனுமதித்தால் இரண்டையும் எழுதுங்கள்.

5. நிறமும் மணமும்

அழகுப் பொருளில் அனுமதிக்கப்பட்ட நிறங்களை மட்டுமே பயன்படுத்தலாம். அந்தப் பட்டியல் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ். 4707 தரத்தின் முதல் பகுதியில் உள்ளது. இரண்டாம் பகுதி தவிர்க்க வேண்டிய மூலப்பொருட்களைப் பற்றியது. நிறத்தைச் சி.ஐ. எண்ணோடு (கலர் இன்டெக்ஸ் எனப்படும் பன்னாட்டு நிறப் பட்டியலின் எண்) எழுதுங்கள்: டைட்டானியம் டை ஆக்சைடு என்றால் சி.ஐ. 77891. டப்பாவில் அந்த எண் இல்லையென்றால், அது எந்த நிறமி என்று உங்களால் சொல்லவே முடியாது. கோலப்பொடிக்கும் துணிக்கும் போடும் சாயத்தைச் சோப்பில் போடவே கூடாது. நிறமியில் ஆர்செனிக் 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 2 பங்கு), ஈயம் 20 பி.பி.எம்., ஈயம் நீங்கலான மற்றக் கன உலோகங்கள் 100 பி.பி.எம். என்ற வரம்புகள் உள்ளன. சோதனைச் சான்று இல்லாத பொடியை வைத்துக்கொண்டு இதற்கு உறுதி கூற முடியாது.

வாசனைக் கலவையை 'ஃபிராக்ரன்ஸ்' என்ற ஒரே சொல்லில் எழுதலாம். ஆனால் புதுச்சேரிக்கு வரும் பிரெஞ்சு வாடிக்கையாளர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு மொத்தமாக அனுப்பும் எண்ணம் இருந்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றிய விதியில், ஒவ்வாமை தரக்கூடிய லினாலூல், லிமோனீன் போன்ற வாசனைக் கூறுகள், கழுவிவிடும் பொருளில் 0.01 சதவீதத்தையும் தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தையும் தாண்டினால், தனித்தனியே பெயர் சொல்லி எழுத வேண்டும். வாசனை விற்பவரிடம் ஒவ்வாமைக் கூறுகளின் பட்டியலை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

6. நிகர எடையை முதிர்ந்த பிறகு நிறுத்து எழுதுங்கள்

குளிர் முறையில், அதாவது கொதிக்க வைக்காமல் செய்த சோப்பு 4 முதல் 6 வாரம் முதிர்கிறது. அந்தக் காலத்தில் நீர் வெளியேறி எடை குறைகிறது. அச்சிலிருந்து எடுத்த அன்று 110 கிராம் நின்ற கட்டி, மாதம் கழித்து 100-க்கும் கீழே போகலாம். வெட்டிய அன்றைய எடையை லேபிளில் போடுவது புதியவர்களின் வாடிக்கையான பிழை. கடற்கரைக் காற்று இதை மேலும் குழப்புகிறது: ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் சோப்பு மெதுவாகத்தான் உலரும்; பங்குனியில் செய்த தொகுதியைவிட அதே வாரக் கணக்கில் கனமாக நிற்கும். மழைக்காலத் தொகுதியை வைத்து எடை தீர்மானித்தால் கோடையில் குறைந்துபோகும்.

நான் சொல்லும் முறை இது: முழுவதும் முதிர்ந்த 20 கட்டிகளைத் தனித்தனியே நிறுத்து, மிகக் குறைந்த எடையை எடுத்து, அதற்குக் கீழே உள்ள முழு எண்ணை லேபிளில் எழுதுங்கள். 100 கிராம் என்று எழுதிய பொட்டலத்தில் தனிப்பட்ட குறைவு 4.5 கிராமைத் தாண்டக் கூடாது என்பது எடையளவு விதியின் வரம்பு. அந்த வரம்பு தவறுதலான ஏற்ற இறக்கத்துக்காகத் தரப்பட்டது. அதை உங்கள் லாபக் கணக்கில் சேர்க்காதீர்கள். சோப்பு உறைகளில் 'பொட்டலமிடும்போது நிகர எடை' என்ற சொற்றொடரைப் பார்த்திருப்பீர்கள். பிறகு உலர்ந்து குறைவதைக் கருதி எழுதப்படுவது அது. 'சுமார்', 'குறைந்தபட்சம்' போன்ற சொற்களை எடையோடு சேர்க்கக் கூடாது. கிராமுக்கு ஆங்கில ஒற்றைச் சிறிய எழுத்தான 'ஜி' மட்டுமே சரியான குறி; 'ஜிஎம்எஸ்' என்று எழுதுவது தவறு.

7. தேதி, தொகுதி எண், உரிம எண்

தயாரித்த மாதமும் ஆண்டும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் லேபிளில் இருக்க வேண்டும். சோப்புக்குத் தொகுதி எண்ணுக்குப் பதிலாகத் தயாரித்த மாதமும் ஆண்டும் போதும் என்று விதி இடம் தருகிறது. மற்ற அழகுப் பொருட்களுக்குத் தொகுதி எண் வேண்டும். விதி கேட்காவிட்டாலும் சோப்புக்கும் தொகுதி எண் போடுங்கள். ஒரே மாதத்தில் ஆறு தொகுதி செய்து, ஒன்றில் காரம் கூடிவிட்டதாகப் புகார் வந்தால், எண் இருந்தால் ஒரு தொகுதியைத் திரும்ப அழைக்கலாம். எண் இல்லையென்றால் ஆறையும் அழைக்க வேண்டும்.

பயன்பாட்டுக் காலத்தை அடுத்த கடைக்காரரின் உறையைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் சோப்பை உங்கள் ஊர் ஈரத்தில் அலமாரியில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் சிக்கடித்து ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும் மாதம் எது என்று குறித்து, அதற்கு நன்கு முன்பாகவே காலத்தை முடியுங்கள். தயாரிப்பு உரிம எண்ணுக்கு முன்னால் 'எம்' எழுத்தும் தொகுதி எண்ணுக்கு முன்னால் 'பி' எழுத்தும் வர வேண்டும்; முன்னெழுத்து இல்லாமல் நிற்கும் எண்ணை, அது எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

8. விலையும் தொடர்பும்

அதிகபட்சச் சில்லறை விலை, எல்லா வரிகளையும் உள்ளடக்கியது என்ற குறிப்போடு வர வேண்டும். அதோடு அலகு விலையும் வேண்டும். 1 கிலோவுக்குக் குறைந்த பொருளுக்கு ஒரு கிராமின் விலையை இரண்டு தசம இடங்களில் எழுதுங்கள்: 75 கிராம் சோப்பு 80 ரூபாய் என்றால் கிராமுக்கு 1.07 ரூபாய். விலை மாறும்போது இந்த எண்ணும் மாற வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

விலை ஏறிவிட்டது என்று பழைய உறையின் மேல் புதிய ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டலாம்; அதுவும் பழைய விலையை மறைக்காமல் ஒட்ட வேண்டும். ஆகவே எத்தனை உறை அச்சிடுவது என்று முடிவு செய்யும்போது விலையையும் நினைவில் கொள்ளுங்கள். முதல் ஆண்டில் சில நூறுக்கு மேல் அச்சிட வேண்டாம்.

புகார் சொல்ல ஒரு பெயர் அல்லது பொறுப்பு, முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவை வேண்டும். பகலில் ஒருவர் எடுத்துப் பேசும் எண்ணாக அது இருக்கட்டும்.

9. எச்சரிக்கையும் விளம்பரச் சொற்களும்

ஆபத்து உள்ள பொருளுக்குப் பாதுகாப்பான பயன்பாட்டு முறையும், எச்சரிக்கையும், ஆபத்தான சேர்மானத்தின் பெயரும் அளவும் உள் லேபிளில் இருக்க வேண்டும். சாதாரணச் சோப்புக்கு 'கண்ணில் படாமல் பயன்படுத்தவும்' போன்ற வரி போதும். பாராஃபினிலீன் டையமின் கலந்த தலைமுடிச் சாயத்துக்கு ஆங்கிலத்திலும் வட்டார மொழியிலும் விதி குறிப்பிடும் எச்சரிக்கை வர வேண்டும். அதைச் சுருக்கியோ மாற்றியோ எழுத முடியாது.

விளம்பரச் சொற்களே ஆய்வாளரின் கண்ணில் முதலில் படுகின்றன. பயன்படுத்துபவரைத் தவறாக நம்பவைக்கும் எந்தக் கூற்றும் லேபிளில் இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் 1940 சட்டத்தின் 17சி பிரிவின்படி அது தவறான லேபிளிட்ட அழகுப் பொருள். 'ரசாயனமே இல்லாதது' என்ற வரியை நான் பார்க்கும் ஒவ்வொரு லேபிளிலிருந்தும் நீக்கச் சொல்கிறேன். சோடியம் ஹைட்ராக்சைடை நான்காவது இடத்தில் எழுதிவிட்டு அதே உறையில் இதை எழுதுவது தன்னையே மறுப்பதாகும். '100 சதவீதம் இயற்கை' என்பதும் செயற்கை வாசனை சேர்த்த சோப்புக்குப் பொருந்தாது. எதைச் செய்தீர்களோ அதை எழுதுங்கள்: 'செயற்கை நிறம் சேர்க்கப்படவில்லை', 'செக்கு நல்லெண்ணெய் கொண்டு செய்தது'. இவை உண்மையாக இருந்தால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

தரம் பற்றிய ஒரு சொல்லில் பலர் தெரியாமல் சிக்குகிறார்கள். ஐ.எஸ். 2888 தரத்தின்படி குளியல் சோப்பு, மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவை வைத்து மூன்று நிலையாகப் பிரிக்கப்படுகிறது: முதல் நிலைக்கு 76 சதவீதம், இரண்டாம் நிலைக்கு 70, மூன்றாம் நிலைக்கு 60. கையால் செய்தது என்பதால் அது தானாகவே முதல் நிலை என்று நம்பி 'கிரேடு 1' என அச்சிடுகிறார்கள். மேலே சொன்ன வெட்டிவேர்ச் சோப்பில் 1,000 கிராம் எண்ணெயிலிருந்து கிடைக்கும் கொழுப்புப் பொருள் ஏறத்தாழ 940 கிராம். 1,500 கிராமாக இருந்த தொகுதி உலர்ந்து 1,320 கிராமாக நின்றால்கூட அது 71 சதவீதம்தான். கிளிசரினும் மிஞ்சிய நீரும் உள்ளேயே இருக்கின்றன. ஆய்வக அறிக்கையில் வந்த எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணையும் எழுதாதீர்கள்.

10. இப்போது வடிவமைப்பு

விவரங்கள் அனைத்தும் தாளில் வந்த பிறகே அளவெடுங்கள். எல்லா எழுத்துகளையும் முதலில் நிரப்பி, மிஞ்சும் இடத்தில் படமும் பூவும் வரட்டும். எழுத்தின் உயரம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; எடையையும் விலையையும் குறிக்கும் எண்களின் உயரம் பொட்டலத்தின் எடைக்கேற்ப இன்னும் கூடும். பின்னணி நிறத்தில் எழுத்து கரைந்துபோகக் கூடாது: வெளிர்பச்சையில் வெள்ளை எழுத்து என்பது மூலிகைச் சோப்பு உறைகளில் மீண்டும் மீண்டும் வரும் குறை. கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருக்க வேண்டும்; தமிழ் கூடுதலாக வரலாம். தமிழில் மட்டும் எழுதினால் விதி நிறைவேறாது என்பது எனக்கும் வருத்தம் தருவதுதான். ஆனாலும் நம் மக்கள் படிக்கத் தமிழை விடாமல் சேருங்கள்.

சோப்பு உறையும் அதன்மேல் அட்டைப்பெட்டியும் இருந்தால், உள்ளே எது, வெளியே எது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே லேபிள்தான் என்றால் இரண்டின் விவரங்களும் அதிலேயே வர வேண்டும். நடுவில் சுற்றும் காகிதப் பட்டையை மட்டும் நம்பும் சோப்புகளுக்கு இது மிக நெருக்கடியானது. பட்டையின் உட்புறத்தில் எழுதி ஒளித்துவைத்த விவரம், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத விவரம்.

நம் கடற்கரை ஈரத்தில் கிளிசரின் சோப்பு வேர்க்கும். வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்த லேபிள் ஒரு மழைக்காலத்தில் கரைந்து, உரிம எண் படிக்க முடியாமல் போகும். லேசர் அச்சோ ஆஃப்செட் அச்சோ எடுத்து, வேர்க்கும் சோப்பை முதலில் ஒரு மெல்லிய படலத்தில் சுற்றுங்கள். தேதி முத்திரை குத்தும் இடத்துக்கு லேமினேஷன் வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிடுங்கள். வழவழப்பான பரப்பில் முத்திரை மை ஒட்டாமல் விரலோடு வந்துவிடும்.

11. அச்சுக்கு அனுப்பும் முன்னும், அனுப்பிய பின்னும்

மாதிரி ஒன்றை அசல் அளவிலேயே எடுத்து, உண்மையான சோப்பில் சுற்றி, தயாரிப்பில் பங்கு கொள்ளாத ஒருவரிடம் கொடுங்கள். தயாரித்தவர் பெயர், ஊர், எடை, விலை, கடைசித் தேதி, புகார் எண் ஆகியவற்றை அவர் கண்ணாடியைத் தேடாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு எடைத்தாளையும் லேபிளையும் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்க்கட்டும். தனியாகச் சரிபார்த்தால் கண் தான் எழுதியதையே படிக்கும்.

சூத்திரத்தை மாற்றினால் லேபிளும் மாற வேண்டும். நல்லெண்ணெய் விலை ஏறியதால் கடலை எண்ணெய்க்கு மாறிய குழு ஒன்று, பழைய உறைகள் தீரும் வரை அதிலேயே விற்றது. கடலை ஒவ்வாத ஒருவர் அந்தச் சோப்பைப் பட்டியலை நம்பி வாங்கியிருக்கக்கூடும். மாற்றம் செய்த நாள், தொகுதி எண், புதிய எடைத்தாள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்து, அச்சிட்ட ஒவ்வொரு லேபிளிலும் ஒரு பிரதியை அந்தந்தத் தொகுதியின் தாளோடு பின் போட்டு வையுங்கள். ஆய்வாளர் கடையிலிருந்து எடுத்துவரும் சோப்பைக் காட்டினால், அந்தக் கோப்பில் தொகுதி எண்ணைத் தேடி உரிய எடைத்தாளை அப்போதே எடுத்துக் கொடுக்கலாம்.